ஏழு மணிக்கு ஏறும் சுகர்

2024ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் 24ஆம் நாள், செவ்வாய்க்கிழமை, மாலை ஏழு மணி பத்து நிமிடம். புதுச்சேரியின் மேல் மேகம் திரண்டு நின்றதே தவிர மழை பெய்யவில்லை. கடற்காற்றும் அன்று வேலைக்கு வரவில்லை. முதலியார்பேட்டையில் ஒரு மாடி வீட்டின் கூடத்தில், சன்னல்கள் அனைத்தும் சாத்தப்பட்டு, மின்விசிறியும் நிறுத்தப்பட்ட புழுக்கத்தில், சக்கரபாணி ஒரு கொசுவலைக் கூடாரத்துக்குள் முழங்காலிட்டு அமர்ந்து அதன் ஜிப்பைத் திறக்க முயன்றுகொண்டிருந்தார். ஜிப் ஒரு சாண் திறந்து, அதற்கு மேல் நகர மறுத்தது.

"பலமா இழுங்க," என்றார் வெளியே நின்ற அவர் மனைவி ஹேமலதா.

"பலமா இழுத்தா பல்லு விட்டுடும். எண்ணெய் கொண்டா."

"எண்ணெய் போட்டு நிதானமா திறக்க நேரம் இல்லீங்க. ஹவுஸ் ஓனர் இப்பதான் போன் பண்ணாரு. அக்ரிமென்ட் விஷயமா மேல வராராம்."

"எப்ப?"

"இப்பவே."

சக்கரபாணியின் தோளுக்கு ஒன்றாக அமர்ந்திருந்த இரண்டு பிராணிகளும் இச்செய்தியைக் கேட்டு எவ்வித மாற்றமும் அடையவில்லை.

அவை சுகர் கிளைடர்கள். அணிலைவிடச் சற்றுச் சிறியவை; முதுகில் ஒரு கருங்கோடு உடையவை; முன்காலுக்கும் பின்காலுக்கும் இடையே உள்ள தோலை விரித்து, உயரத்திலிருந்து காற்றில் சறுக்கி வருபவை. பகல் முழுவதும் துணிப்பையில் தூங்கி, விளக்கேற்றிய பிறகு விழிப்பவை. ஹேமலதாவின் தம்பி கலைச்செல்வன், வெளிநாட்டில் வேலை கிடைத்துப் புறப்பட்டபோது, அவற்றைக் கூண்டோடும் பதிவுச் சான்றோடும் அக்காள் வீட்டில் விட்டுச் சென்றிருந்தான். ஆறு மாதமாகியும் முழுப் பெயரையும் சொல்லும் பொறுமை அவ்வீட்டில் எவருக்கும் வாய்க்கவில்லை. பெரியது பெரிய சுகர். சிறியது சின்ன சுகர்.

நாள்தோறும் மாலை ஏழு மணி முதல் எட்டு மணி வரை அவை கூண்டைவிட்டு வெளியே வந்து விளையாட வேண்டும். இல்லையெனில் உடல் நலிந்துவிடும். அந்த ஒரு மணி நேரத்தில் அவற்றுக்கு ஓர் ஆபத்தும் நேராமல் பார்த்துக்கொள்வது சக்கரபாணியின் பொறுப்பு. அவர் மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் ஒரு சோப்புத் தொழிற்சாலையின் பாதுகாப்பு அலுவலர். பிறருக்கு வீடாகத் தெரிவது அவருக்கு விபத்துகள் காத்திருக்கும் கூடமாகவே தெரியும். கழிவறை மூடி மூடியிருக்க வேண்டும். வாளியில் நீர் இருக்கக் கூடாது. கதவுகளின் அடி இடுக்கில் துண்டு சுருட்டி வைக்க வேண்டும். சோபாவில் உட்காரும் முன் திண்டை உயர்த்திப் பார்க்க வேண்டும். மின்விசிறியின் சுவிட்சுக்கு மேல், தொழிற்சாலையிலிருந்து கொண்டுவந்த சிவப்பு அட்டையைத் தொங்கவிட்டிருந்தார்: "ஆபத்து. ஆள் வேலை செய்கிறார். சுவிட்சைத் தொடாதே."

இவ்வளவும் செய்த பிறகும் சென்ற வாரம் சின்ன சுகர் ஈரம் காயாத வாளி ஒன்றில் விழுந்து தும்மியது. அன்றே சக்கரபாணி ஒரு மடக்குக் கொசுவலை வாங்கிவந்து, கூடத்தின் நடுவில் விரித்தார். அதுவரை இடையில் பரணில் ஏறி மறைந்து, எட்டு மணிக்கு அபி 'சுகர்' என்று உரக்கக் கூப்பிட்டால் இறங்கி வந்த பிராணிகளுக்கு, அன்றுமுதல் விளையாட்டு கொசுவலைக்குள்தான். அவரும் உடன் உட்கார்ந்தார். சுகர்கள் அவரையே மரமாகக் கொண்டு விளையாடின.

வீட்டு உரிமையாளர் தெய்வநாயகம் கீழ்த்தளத்தில் இருந்தார். பிரெஞ்சு ராணுவத்தில் பணியாற்றி, ஓய்வூதியத்தோடு ஊர் திரும்பியவர். தெருவில் அவர் பெயர் 'சொல்தா', அதாவது பிரெஞ்சில் சிப்பாய். அவர் தம் கையால் எழுதிய வாடகை ஒப்பந்தத்தின் ஏழாம் நிபந்தனை, "நாய், பூனை, கோழி, புறா முதலாக எந்த உயிரினத்தையும் வளர்த்தல் கூடாது" என்றது. முன்பு குடியிருந்தவர்கள் ஒரு கிளியை வைத்திருந்தார்கள். அது அவருடைய பிற்பகல் தூக்கத்தின்போது பேசியது. மறுமாதம் கிளியும் இல்லை, குடும்பமும் இல்லை.

நடப்பு ஒப்பந்தம் அம்மாதத்தோடு முடிகிறது. புதுப்பிப்பாரா என்று கேட்டபோதெல்லாம் அவர், "பார்க்கலாம்" என்று மட்டுமே சொல்லிவந்தார். மகள் அபி பன்னிரண்டாம் வகுப்பில் இருந்தாள். பள்ளி இரண்டு தெரு தள்ளி. அரையாண்டுத் தேர்வுக்கு முன்னால் வீடு மாறுவதை அந்தக் குடும்பம் நினைத்தும் பார்க்க விரும்பவில்லை.

"அப்பா, சோப்பு தடவினா ஜிப் வழுக்குமாம்," என்று அபி ஓடிவந்து ஒரு சோப்புக் கட்டியை நீட்டினாள்.

"இது நம்ம கம்பெனி சோப்பு. வழுக்காது," என்றார் சக்கரபாணி. ஆயினும் தடவினார். பிறகு மூச்சை அடக்கிக்கொண்டு இழுத்தார்.

ஜிப் வழுக்கவில்லை, முழுவதுமாகப் பிய்ந்துவிட்டது. கொசுவலையின் ஒரு பக்கம் திரைச்சீலை போல் விழுந்தது. பெரிய சுகர் அவருடைய தலையை ஒரு படியாகக் கொண்டு எழும்பி, தோலை விரித்து, அழைப்பிதழ் ஒன்று பறப்பது போல் பறந்து மின்விசிறியின் இறக்கையில் சென்று ஒட்டிக்கொண்டது. சின்ன சுகர் அவ்வளவு தொலைவு போகவில்லை. சக்கரபாணியின் சட்டைக் கழுத்து வழியாக உள்ளே இறங்கியது.

அழைப்பு மணி ஒலித்தது.

"வலையை மடிங்க!" என்றார் ஹேமலதா.

மடக்குக் கொசுவலை ஒரு வகைக் கோபக்காரன். மடக்கினால் மறுபக்கம் எழும். சக்கரபாணி மும்முறை மடக்கினார். மூன்றாம் முறை அது அபியின் மூக்கில் அடித்துவிட்டு முன்பைவிட அகலமாக விரிந்து நின்றது.

"விடுங்க. கொசுவலை வச்சிருக்கிறது குத்தமா?" என்று சொல்லிவிட்டு ஹேமலதா கதவைத் திறந்தார்.

"போன்சுவார்," என்று பிரெஞ்சில் மாலை வணக்கம் சொன்னார் தெய்வநாயகம்.

வெள்ளை ஜிப்பாவில், கையில் ஓர் உறையுடன், நிமிர்ந்து நின்றார். உள்ளே வந்ததும் உட்காரவில்லை. கூடத்தை ஒரு முறை சுற்றிப் பார்த்தார். பிறகு கொசுவலையைப் பார்த்தார்.

"இது இன்னா தம்பி, கூடத்துல?"

"கொசுவலை சார். டெங்கு சீசன்."

"எப்ப இருந்து போட்டிருக்கீங்க?"

"ஒரு வாரமா சார்."

"ஓ," என்றார் தெய்வநாயகம். "ஒரு வாரமா." விடை கிடைத்த கணக்கை மறுமுறை சரிபார்ப்பவர் போல அவர் அச்சொற்களை மெல்லச் சொன்னார்.

"உக்காருங்க சார்," என்ற சக்கரபாணி, பழக்கத்தால் திண்டை உயர்த்திப் பார்த்துவிட்டே அவரை உட்கார வைத்தார். தெய்வநாயகமும் உட்காரும் முன் ஒரு முறை திண்டை உயர்த்திப் பார்த்தார். நாசூக்கான மனிதர் என்று சக்கரபாணி எண்ணினார்.

"ஃபேன் ஓடலையா?"

சக்கரபாணி சிவப்பு அட்டையைக் காட்டினார்.

"யாரு வேலை செய்யறா?" என்று கேட்டபடி தெய்வநாயகம் அண்ணாந்து பார்த்தார். அவர் பார்வை மின்விசிறியில் சற்று நேரம் தங்கியது. ஹேமலதா முந்தானையைக் கசக்கினார். அபி கண்ணை மூடிக்கொண்டாள்.

"ஆமா ஆமா," என்றார் தெய்வநாயகம் அவசரமாக. "போடவே போடாதீங்க. காத்து நல்லாத்தான் இருக்குது."

காற்று இம்மியும் இல்லை. அவர் நெற்றியில் வியர்வை வழிந்தது. பெரிய மனிதர்களின் கண் மங்கிவிடுவது சில வேளை பிறருக்கு நன்மையாகிறது என்று சக்கரபாணி ஆறுதல் கொண்டார்.

அந்த ஆறுதல் நீடிக்கவில்லை. பெரிய சுகர் இறக்கையிலிருந்து மின்விசிறியின் தண்டுக்குத் தாவியது. அதைக் கண்ட அபி தன்னை மறந்து, "அம்மா, சுகர் ஏறிடுச்சு!" என்றாள்.

அவ்வாக்கியத்தில் எழுவாய் இருந்தது; பயனிலை இருந்தது; இலக்கணப் பிழை ஏதும் இல்லை. ஆனால் கேட்பவர் எவருக்கும் அதற்கு ஒரே பொருள்தான்.

"யாருக்கு?" என்றார் தெய்வநாயகம்.

"இவருக்குத்தான்," என்று ஹேமலதா கணவரைக் காட்டினார்.

நாற்பத்தேழு வயது வரை ஒரு மாத்திரையும் உட்கொண்டறியாத சக்கரபாணி அந்தக் கணத்தில் நீரிழிவு நோயாளியானார். அவர் மனைவியை ஒரு பார்வை பார்த்தார். ஹேமலதா சமையலறைப் பக்கம் பார்த்தார்.

"அடடா. எப்ப இருந்து தம்பி சுகர்?"

"ஆறு மாசமா சார்."

"ஆறு மாசம்," என்று தெய்வநாயகம் தலையசைத்தார். "சரியாத்தான் இருக்கும். எந்நேரமும் இருக்குமா?"

சக்கரபாணிக்குப் பொய் சொல்லிப் பழக்கமில்லை. ஆகவே, தெரிந்த உண்மைகளையே எடுத்துச் சொன்னார். "பகல்ல ஒண்ணும் தெரியாது சார். அமைதியா இருக்கும். சாயங்காலம் ஏழு மணிக்கு மேலதான் ஏறும்."

"இப்ப எப்படி இருக்குது?"

"இறங்கவே மாட்டேங்குது சார்," என்றார் ஹேமலதா, மின்விசிறியைப் பார்த்தபடி.

"ஒரு வாரமாவா?"

"ஆமா சார், ஒரு வாரமா ரொம்பக் கட்டுப்பாட்டுல வச்சிருக்கோம்."

"இன்னாத்துக்குக் கட்டுப்பாடு?" தெய்வநாயகத்தின் குரல் சட்டென்று உயர்ந்தது. "நல்லாத்தானே இருந்துது? யாருக்கு இன்னா தொந்தரவு?"

மூவரும் திகைத்தார்கள். அவரும் சற்றுத் திகைத்து, குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"நான் இன்னா சொல்றேன்னா தம்பி, சுகரை ஒரேயடியா அடைச்சு... அடக்கி வைக்கக் கூடாது. கொஞ்சம் அப்படி இப்படி நடமாட்டம் இருக்கணும்."

"நடக்கிறது நல்லதுதான் சார்."

"நல்லதுதானே? ஆங். அதத்தான் சொல்றேன்."

ஹேமலதா காபி கொண்டுவந்தார். தெய்வநாயகத்துக்குச் சர்க்கரையோடு ஒன்று. சக்கரபாணிக்குச் சர்க்கரை இல்லாமல் ஒன்று. காபியில் மூன்று கரண்டி சர்க்கரை போட்டுக்கொள்ளும் சக்கரபாணி முதல் வாயை விழுங்கிய முகத்தைக் கண்டு, நோய் முற்றியதாக எவரும் முடிவு செய்திருப்பார்கள். அதே வேளையில் சின்ன சுகர் அவர் விலாவில் நகத்தை ஊன்றி இடம் மாறியது. அவர் நெளிந்தார்.

"வலிக்குதா?"

"இல்ல சார். கூசுது."

"சுகருக்கு அப்படித்தான் இருக்கும்," என்றார் தெய்வநாயகம். பிறகு சற்று முன்னால் குனிந்து, "சாப்பாடு இன்னா குடுக்கறீங்க? பழம் குடுக்கலாமா?" என்றார்.

"கொடுக்கலாம் சார். பப்பாளி, ஆப்பிள். அளவோட."

"சப்போட்டா?"

"எப்பவாவது கொஞ்சம்."

"ஆங். சரி. அப்புறம்..." அவர் வாசற்பக்கம் ஒரு முறை பார்த்துக்கொண்டார். "ஷொகொலா? பிரான்சுல இருந்து மச்சான் அனுப்பறாரு. ஒரு துளி?"

"சாக்லேட்டா?" அபி அலறிவிட்டாள். "ஐயோ தாத்தா, அது விஷம்!"

"விஷமா!"

"செத்தே போயிடும்!" என்ற அபி, தாயின் முகத்தைப் பார்த்து, "...அப்பா," என்று முடித்தாள்.

தெய்வநாயகம் சோபாவில் சாய்ந்து நீண்ட மூச்சு விட்டார். "நல்ல வேளை," என்றார்.

"இன்னா சார் நல்ல வேளை?" என்றார் ஹேமலதா.

"கேட்டது நல்ல வேளை."

வாடகைக்காரன் உடல்நலத்தில் இவ்வளவு அக்கறை கொண்ட ஒருவரை ஆறு மாதமாக ஏமாற்றிவருகிறோமே என்று சக்கரபாணிக்கு நெஞ்சு உறுத்தியது. நெஞ்சு உறுத்தியதற்கு இன்னொரு காரணமும் இருந்தது. சின்ன சுகர் சட்டைக்குள்ளிருந்து மேலே ஏறி வந்துகொண்டிருந்தது.

அவர் தடுப்பதற்குள் அது கழுத்துப்பட்டை வழியாகத் தலையை நீட்டியது. கூடத்தை ஒரு முறை பார்த்தது. பிறகு ஒரே தாவலில் எதிரே அமர்ந்திருந்த தெய்வநாயகத்தின் தோளை அடைந்து, ஜிப்பாவின் மேல் சரசரவென்று இறங்கி, பக்கப் பையினுள் புகுந்து மறைந்தது.

ஹேமலதா மெல்ல நகர்ந்து கணவரின் அருகே வந்தார்.

தெய்வநாயகம் அசையவில்லை. மின்மோட்டாரை இனிமேல் காலையில் ஐந்தரை மணிக்கே போட வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தவர், வாக்கியத்தை நிறுத்தாமலே முடித்தார். வலக்கை மட்டும் மெல்ல இறங்கி, பையின் வாயை மூடினாற்போல் அதன் மேல் தங்கியது. கூட்டத்தில் பர்ஸைக் காத்துக்கொள்ளும் பழக்கம் போலும்.

"கண்ணுதான் போச்சுன்னு நெனச்சேன். ஒடம்புல உணர்ச்சியும் இல்ல போலருக்கு," என்று ஹேமலதா கணவரின் காதில் சொன்னார்.

"எடுக்கணும்," என்றார் சக்கரபாணி.

"எப்படி எடுப்பீங்க? ஓனர் பாக்கெட்டுல கைய விட்டா?"

முதல் முயற்சியை அபி மேற்கொண்டாள். ஓர் ஆப்பிள் துண்டை நறுக்கி எடுத்துவந்து, ஜிப்பாப் பைக்கு நேராக, அதன் மணம் உள்ளே போகும் உயரத்தில் நீட்டினாள்.

"தாத்தா, ஆப்பிள்."

"மெர்சி," என்று நன்றி சொன்னார் தெய்வநாயகம். துண்டை வாங்கினார், பார்த்தார், பைக்குள் போட்டுக்கொண்டார். "அப்புறமா ஆவட்டும்."

பையினுள்ளிருந்து மென்று தின்னும் ஓசை மெல்லியதாக வந்தது. தெய்வநாயகம் அந்த ஓசை அடங்கும் வரை பலமாக இருமினார்.

இரண்டாம் முயற்சி ஹேமலதாவுடையது. "சார், ஜிப்பா ஒரே கசங்கலா இருக்கு. கழட்டிக் குடுங்க, ரெண்டு நிமிஷத்துல அயர்ன் பண்ணித் தரேன்."

கஞ்சி போட்டுத் தேய்த்த ஜிப்பா அது. மடிப்பில் கை வைத்தால் அறுத்துவிடும்.

"வேணாம்மா," என்றார் தெய்வநாயகம். "இப்படியே இருக்கட்டும்."

மூன்றாம் முயற்சிக்குச் சக்கரபாணி எழுந்தார். பதினெட்டு ஆண்டுப் பணியில் ஒரு விபத்துக்கும் இடம் கொடாதவர், தம் வாழ்நாளின் முதல் விபத்தைத் திட்டமிட்டார். காபி டம்ளரை எடுத்துக்கொண்டு போவது போல் போய், ஜிப்பாவின் மேல் சிறிது சிந்திவிட்டால், அவர் அதைக் கழற்றியே ஆக வேண்டும். காபி ஆறியிருக்கிறது என்பதை விரல் விட்டுப் பார்த்து உறுதி செய்துகொண்டார். பையின் எதிர்ப்பக்கத் தோளையே இலக்காகக் கொண்டார்.

ஆனால் விபத்தில் அவருக்குப் பயிற்சி போதாது. தெய்வநாயகம் அதே நொடியில் உறையிலிருந்து ஒப்பந்தத்தை எடுத்து மேசைமேல் விரித்தார். சர்க்கரை இல்லாத காபி முழுவதும் அதன் மேல் கொட்டியது. முதல் நிபந்தனையிலிருந்து ஒன்பதாம் நிபந்தனை வரை நீல மை கரைந்து ஒன்றோடொன்று கலந்தது.

"சார்!" என்றார் சக்கரபாணி.

"பரவால்ல." தெய்வநாயகம் எழுந்தார். இன்னும் கை பையின் மேலேயே இருந்தது. "கீழ இன்னொரு காப்பி இருக்குது. அதுல கையெழுத்துப் போடறதா வேணாமான்னு யோசிக்கணும். யோசிச்சுச் சொல்லி அனுப்பறேன்."

"சார், இன்னும் கொஞ்ச நேரம் இருங்களேன்."

"இல்ல, போவணும். நேரமாவுது."

அவர் படியிறங்கினார். ஒவ்வொரு படியிலும் காலை மெதுவாக, ஒரு குலுக்கலும் இல்லாமல் வைத்து இறங்கினார். மேலிருந்து பார்த்த மூவருக்கும் அது சினத்தின் நடையாகத் தோன்றியது.

கதவைச் சாத்திவிட்டுத் திரும்பியபோது மின்விசிறியின் தண்டில் பெரிய சுகரும் இல்லை.

"பரணுக்குப் போயிடுச்சு!" என்றாள் அபி. "நான் பார்த்தேன்!"

சக்கரபாணி ஏணி வைத்து ஏறினார். அண்டா, பழைய சூட்கேஸ், கொலுப்பெட்டி ஆகியவற்றை ஒன்றன்பின் ஒன்றாக இறக்கினார். டார்ச் வெளிச்சத்தில் பரணின் கோடியைப் பார்த்தவர் அப்படியே நின்றுவிட்டார். மொட்டைமாடித் தொட்டியிலிருந்து கீழ்வீட்டுக்குத் தண்ணீர்க் குழாய் இறங்கும் இடத்தில், குழாயைச் சுற்றி உள்ளங்கை அகலத்துக்கு ஓர் ஓட்டை இருந்தது. கதவிடுக்குகளில் துண்டு சுருட்டி வைத்த பாதுகாப்பு அலுவலர் அதை இதுவரை பார்த்ததே இல்லை.

"இன்னாங்க?" என்றார் கீழே ஏணியைப் பிடித்திருந்த ஹேமலதா.

"கீழ போயிடுச்சு," என்றார் சக்கரபாணி. "ரெண்டும் இப்ப அவங்க வீட்டுலதான் இருக்கு."

அவர் இறங்கி, தரையிலேயே உட்கார்ந்தார். கீழ்வீட்டின் கூடத்தை மனக்கண்ணால் பார்த்தார். அங்கே சிவப்பு அட்டை இல்லை. மின்விசிறிகள் சுற்றிக்கொண்டிருக்கும். கழிவறை மூடி திறந்திருக்கும். அடுப்பில் ஏதோ கொதித்துக்கொண்டிருக்கும். பிரான்சிலிருந்து வந்த சாக்லேட் மேசைமேல் இருக்கும்.

"நான் போய்ச் சொல்லிடறேன்."

"சொன்னா வீடு போயிடுங்க," என்றார் ஹேமலதா. "இன்னும் அவரு கையெழுத்தே போடல. கிளி வச்சிருந்தவங்கள இன்னா பண்ணாருன்னு தெரியும் இல்ல?"

"தெரியும்."

"இவளுக்குப் பரீட்சை."

"தெரியும் ஹேமா. வீடு போனா வேற வீடு பாத்துக்கலாம். அந்த ஃபேன்ல அடிபட்டா..."

ஹேமலதா கணவரின் சட்டைக் காலரைச் சரி செய்தார். "போங்க," என்றார்.

"சீக்கிரம் போங்கப்பா," என்றாள் அபி. "நான் பஸ்ல வேணா போயிக்கிறேன் ஸ்கூலுக்கு."

சக்கரபாணி கதவைத் திறந்தார். வெளியே, அழைப்பு மணியை அழுத்தக் கையை உயர்த்திய நிலையில், தெய்வநாயகத்தின் மனைவி சுலோசனா நின்றுகொண்டிருந்தார். மற்றொரு கையில் ஓர் உறை இருந்தது. மூட்டுவலிக்காரர், மாடிப்படி ஏறியதில் மூச்சு வாங்கியது. அவர் இதுவரை மேலே வந்ததே இல்லை.

"இந்தாங்க தம்பி. கையெழுத்துப் போட்டுட்டாரு. இன்னும் பதினோரு மாசம்."

சக்கரபாணி உறையிலிருந்து தாளை எடுத்துப் பார்த்தார். சாய்வான பிரெஞ்சுப் பாணிக் கையெழுத்து, நாள், முத்திரை அனைத்தும் முறையாக இருந்தன. பின்னாலிருந்து ஹேமலதா, "முருகா" என்று சொல்வது கேட்டது. ஆனால் படிக்காமல் எந்தத் தாளையும் வாங்கிப் பழகாத கண்கள் ஏழாம் நிபந்தனையில் சென்று நின்றன. எந்த உயிரினத்தையும் வளர்த்தல் கூடாது. ஓர் எழுத்தும் மாறவில்லை.

அவர் தாளை மடித்து, சுலோசனாவிடமே திருப்பி நீட்டினார்.

"அம்மா, இத நான் வாங்கிக்கிறதுக்கு முன்னாடி ஒரு உண்மையைச் சொல்லணும். எனக்கு சுகர் இல்ல."

சுலோசனா அவரைப் பார்த்தார்.

"எங்க வீட்டுல ரெண்டு பிராணி இருக்கு. அதுக்குப் பேருதான் சுகர். அணில் மாதிரி இருக்கும். ஒண்ணு சார் ஜிப்பா பாக்கெட்டுல இருக்கு. இன்னொண்ணு பரண் ஓட்டை வழியா உங்க வீட்டுக்கு வந்திருக்கு. அவரு எங்களக் காலி பண்ணச் சொன்னாலும் சரி, நீங்க மொதல்ல கீழ போயி ஃபேனை எல்லாம் நிறுத்திடுங்கம்மா. தயவு செஞ்சு."

சுலோசனா தாளை வாங்கவில்லை. நீட்டிய அவர் கையைத் தாளோடு சேர்த்து மடித்து, தாமே அழுத்தி மூடினார்.

"எங்க வீட்டுல ஆறு மாசமா ஏழு மணிக்கு மேல ஃபேன் போடறதே இல்ல தம்பி, நீங்க மொதல்ல அந்தக் கொசுவலையைக் கழட்டுங்க, ஒரு வாரமா சுகர் இறங்கலன்னு மனுசன் தூங்கவே இல்ல!"